கண்ணாடியை இறக்க வேண்டாம்

கார் ஏசி குளிரவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள், "கேஸ் தீந்துபோச்சு, கொஞ்சம் போட்டு விடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை சார். மூடிய குழாய்க்குள் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. கேஸ் போடுவதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம்.

நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குச் சாட்சிக் கையெழுத்துக்குத்தான் கூப்பிட்டீர்கள். தாமோதரன் சாருடைய காரைக் கடைசியாகப் பார்த்த மெக்கானிக் நான்தான், ஒயரிங்கில் கோளாறு ஏதும் கண்ணில் பட்டதா என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றீர்கள். டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள். இது இரண்டு வரியில் முடியாது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பூஞ்சேரிக் கூட்டுச் சாலையில் என் கடை. பின்னாலேயே வீடு. மனைவி ஜெனிஃபர், மூன்றாவது படிக்கிற மகள் கவியா. கடல் பக்கத்தில் ஏசி மெக்கானிக்குக்கு வேலை குறையாது. உப்புக்காற்று காரின் முன்னால் இருக்கும் கண்டென்சரை அரித்துத் தின்றுவிடும். கூடுவாஞ்சேரியில் பத்து வருஷம் ஓடுகிற பார்ட், மாமல்லபுரத்தில் நாலு வருஷம் தாங்காது. கார் வந்ததும் நான் பானெட்டைத் திறக்க மாட்டேன். ஏசியைப் போடச் சொல்லிவிட்டு முதலில் காது கொடுப்பேன். கம்ப்ரசர் பிடிக்கிற சத்தம் வருகிறதா, பிடித்து உடனே விடுகிறதா என்று கேட்பேன். அப்புறம் இரண்டு குழாய்களையும் கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒன்று சில்லென்றும் ஒன்று சூடாகவும் இருக்க வேண்டும். பிறகு சோப்பு நுரை பூசி எங்கே குமிழி வருகிறது என்று பார்ப்பேன். அழுத்தம் பார்க்கிற கேஜ் மாட்டுவதெல்லாம் கடைசியில்தான். அவசரப்படாமல் பார்த்தால் எந்தக் காரும் தன் வியாதியைக் காட்டிவிடும்.

அவசரப்படாமல் பார்த்தால் என்றுதானே சொன்னேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முடியாது என்று யார் முகத்தைப் பார்த்தும் சொல்ல வராது. சர்ச்சில் பந்தல் போடக் கூப்பிட்டாலும் போவேன், பக்கத்து டீக்கடை ஃப்ரிட்ஜ் ஓடவில்லை என்றாலும் போவேன். ஆல்வின் கடைக்குப் போனால் வேர்வையோடு திரும்ப மாட்டோம் என்று நாலு பேர் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது.

போன கத்திரி வெயிலில் சரியான கேஸ் கிடைக்காமல் போய்விட்டது. கடை வாசலில் கார்கள் நிற்கின்றன. சென்னையில் கேட்டால் இன்று, நாளை என்று இழுத்தடிக்கிறார்கள். கால் டாக்சி ஓட்டுகிற கார்த்தி வந்து நின்றான். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஏர்போர்ட் போக வேண்டுமாம். "அண்ணாத்த, ஏசி இல்லன்னா நடுரோட்ல எறங்கிப் பூடுவானுங்க. எதுனா பண்ணு" என்றான். நான் வீட்டுக்குப் போய் அடுப்படி சிலிண்டரைத் தூக்கி வந்தேன்.

சமையல் கேஸ் போட்டாலும் கார் ஏசி குளிரும். எங்கள் தொழிலில் பலருக்கும் தெரிந்த, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் இது. சொல்லப்போனால் இன்னும் நன்றாகவே குளிரும். கார்த்தி மறுநாள் வந்து, ஊட்டி மாதிரி கீது என்று கட்டிப் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் அந்த மாதம் யாரையும் நான் திருப்பி அனுப்பவில்லை. ஜெனிஃபர்தான், "இன்னாங்க இது, சிலிண்டரு ரெண்டு வாரங்கூட தாங்க மாட்டேங்குது. நான் இன்னா ஓட்டலா நடத்துறேன்?" என்று சத்தம் போட்டாள். ரெகுலேட்டரில் லீக் இருக்கும், பார்க்கிறேன் என்றேன்.

தாமோதரன் சார் கல்பாக்கத்தில் ஆராய்ச்சி வேலையில் இருக்கிறார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர். என் கடையிலிருந்து பார்த்தால் தெரிகிற மனைப்பிரிவில் வீடு கட்டி வந்தவர். அவர் மனைவி லோகநாயகியம்மா சாயந்தரங்களில் கவியாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். ஒரு பைசா வாங்கியதில்லை. மகள் வைஷாலி படூரில் காலேஜ் படிக்கிறாள். அந்தக் காரை அதிகம் ஓட்டுவது அவள்தான்.

அந்த மே மாதத்தில் அவர்கள் காரும் வந்தது. மறுநாள் விடியற்காலையில் குடும்பத்தோடு ஈரோட்டுக்குக் கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டும். கண்டென்சர், குழாய், மூட்டு எல்லா இடத்திலும் நுரை பூசிப் பார்த்தேன். குமிழி வரவில்லை. அப்படியென்றால் ஒழுகல் உள்ளே, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற கூலிங் காயிலில். அதைக் கழற்ற ஒரு நாள் முழுக்க வேண்டும். மற்ற இடத்தில் ஒழுகினால் கேஸ் காற்றோடு வெளியே போய்விடும். கூலிங் காயிலில் ஒழுகினால் காருக்குள்ளே, உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு நேராக வரும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் போட்டேன். லோகநாயகியம்மா அவ்வளவு தூரம் வேர்வையில் போக வேண்டாமே என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் கார்த்தியின் டாக்சி கோவளத்துக்கு இந்தப் பக்கம் எரிந்துபோனது. புருவம் கருகி, கையில் கட்டோடு, சிரித்துக்கொண்டேதான் கடைக்கு வந்தான். "வண்டி பூட்ச்சுண்ணாத்த. ஒயரிங்குன்னு எழுதிக்கினு போனாங்க. நானு சும்மா ஒரு சிகரெட்டுதான் பத்த வச்சேன். குப்புனு ஆய்ட்ச்சு. எங்கம்மா கும்புட்ட சாமி, குதிச்சிட்டேன்." அவனுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன்.

அன்றோடு சமையல் கேஸை நிறுத்திவிட்டேன். அந்த மாதம் வந்தவர்களை எல்லாம், இலவசமாக செக்கப் செய்கிறேன் என்று திரும்பக் கூப்பிட்டு, இருந்ததை உறிஞ்சி எடுத்து வெளியில் விட்டுச் சரியான கேஸ் போட்டேன். நான் கெட்டவன் இல்லை என்பதற்கு இதைச் சொல்கிறேன். தாமோதரன் சார் கார் மட்டும்தான் பாக்கி. கூப்பிட்டேன். வைஷாலிக்குப் பரீட்சை, முடிந்ததும் வருகிறோம் என்றார்கள்.

வந்தார்கள். ஆனால் நான் கூப்பிட்டதற்காக வரவில்லை. காரை நிறுத்தி இறங்கியதும் வைஷாலி, "ஆல்வின் அண்ணா, ஏசி போட்டா கிச்சன்ல கேஸ் லீக் ஆனா வருமே, அதே ஸ்மெல். எனக்கு இந்த வண்டிய எடுக்கவே பயமா இருக்கு" என்றாள். லோகநாயகியம்மா, "எனக்கு ஒண்ணுந் தெரியலைங்க தம்பி. கொரோனா வந்ததுல இருந்து மூக்கு செத்துப்போச்சு. சாம்பார் கருகினாக்கூடத் தெரியறதில்ல" என்று சிரித்தார். தாமோதரன் சார் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். எதைத் தொட்டாலும் அது எதற்கு, இது எதற்கு என்று கேட்டார்.

அவர் எதிரில் கேஸை எடுத்தால் அந்த நாற்றம் கடை முழுக்க அடிக்கும். அந்தப் பயத்தில்தான் என் வாயில் எலி வந்தது. "உள்ள எலி செத்துக் கெடக்குது சார். மழக்காலம் வந்தா இது சகஜம்" என்றேன். அவர்களை டீக்கடைக்கு அனுப்பிவிட்டுக் கடைக்குப் பின்னால் சாக்கடையோரம் தேடினேன். செத்த பெருச்சாளி ஒன்று கிடைத்தது. அதைப் பேப்பரில் சுற்றி, காற்றை ஊதும் ப்ளோயரிலிருந்து எடுத்ததாகக் காட்டினேன். லோகநாயகியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். வைஷாலி மட்டும் பேப்பரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மல்லிகை வாசனை டப்பா ஒன்றை ஏசி வாயில் மாட்டி, இனி நாற்றம் வராது என்று அனுப்பிவைத்தேன். அடுத்த சர்வீசுக்கு வரும்போது சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மல்லிகை நன்றாக வேலை செய்தது. அவர்கள் வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் தாமோதரன் சார் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. "ஆல்வின், வைஷாலி மறுபடியும் அதே வாசனைன்னு சொல்றா. ஏசில இருக்கிற கேஸை எடுத்து என்னன்னு பார்க்க எங்க ஆபீஸ் நண்பர் ஒருத்தர்கிட்ட வழி இருக்கு. பூஜை லீவு முடிஞ்சதும் கொண்டுபோறேன். அதுவரைக்கும் நீங்க எதையும் தொட வேண்டாம்" என்றார். பிறகு, "கோவளத்துக்கிட்ட ஒரு டாக்சி எரிஞ்சுதாமே, அதுவும் உங்க கடையில பார்த்த வண்டிதானா?" என்று கேட்டார். தெரியவில்லை சார் என்றேன்.

அதற்குப் பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. போலீஸ் ஜீப் கூட்டுச் சாலையில் திரும்பினால் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வேன். கவியாவின் யூனிஃபார்மைப் பார்த்தால் அழுகை வரும். என்னைப் பிடித்துக்கொண்டு போனால் இந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வார்கள் என்றே நினைத்துக்கொண்டிருப்பேன். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. அந்தக் கார் இல்லாமல் போக வேண்டும். அவ்வளவுதான்.

ஆயுத பூஜை அன்று காலையில் கடையைக் கழுவிவிட்டிருந்தேன். நான் கிறிஸ்தவன்தான். ஆனாலும் வாடிக்கையாளர்களுக்காகப் பொரி, கடலை வாங்கி வைப்பேன். லோகநாயகியம்மா போன் செய்தார். காரைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு வைத்திருக்கிறாராம். சாருக்கு அன்றைக்கும் வேலை, சாயந்தரம்தான் வருவாராம். "வைஷாலி வண்டில ஏறவே மாட்டேங்கறா தம்பி. நாத்தம் அடிக்குதுங்கறா. பூஜை அன்னிக்கு வண்டிய ஒரு அடி நகத்தாம விடக்கூடாதில்லீங்களா? அதுக்கு என்ன பண்றது?" என்று கேட்டார்.

சாம்பிராணி கப்பை ஏற்றி உள்ளே வையுங்கள், ஏசியைப் போட்டு வெளிக்காற்று வராத பட்டனை அமுக்குங்கள், புகை எல்லாக் குழாய்க்குள்ளும் போய் நாற்றத்தை எடுத்துவிடும் என்றேன். இது நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொன்னது இல்லை சார். ஈர நாற்றம் அடிக்கிற கார்களுக்கெல்லாம் சொல்கிற யோசனைதான். எத்தனையோ பேர் செய்துவிட்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஆயுத பூஜை அன்று பாதிக் கார்களுக்குள் சாம்பிராணி புகைகிறது. நான் சொல்லாவிட்டாலும் அவரே போட்டிருக்கலாம்.

"நேத்து சாயந்தரம் கழுவி உறை போட்டு மூடுனது தம்பி. உறைய இப்பத்தான் எடுத்தேன், இன்னும் கதவைத் தொறக்கல. கொஞ்ச நேரம் கண்ணாடிய எறக்கி வெச்சிரட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்மா. கண்ணாடிய எறக்காதீங்க. புகை நிக்காது" என்றேன்.

"கடல்காத்து இன்னிக்கு ஆளையே தூக்குதுங்க. வெளிய நின்னா குச்சி பத்தவே மாட்டேங்குது. உள்ள உக்காந்து கதவைச் சாத்திக்கிட்டுப் பத்த வெக்கட்டுங்களா?"

தம்பி, இருக்கீங்களா என்று அவர் கேட்டார்.

"உள்ளயே பத்த வைங்கம்மா" என்றேன்.

"சரிங்க தம்பி. கவியாவ அனுப்பி வைங்க. சுண்டல் செஞ்சிருக்கேன். எலுமிச்சம்பழத்து மேல வண்டி ஏத்தும்போது அவ முன்னாடி உக்காரணுமாம், நேத்தே சொல்லிட்டா" என்று போனை வைத்தார்.

அது வெடிகுண்டு மாதிரியெல்லாம் கேட்கவில்லை. பெரிய ஜமுக்காளத்தை உதறியது மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அலறல். கடையிலிருந்த தீயணைப்புச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியது நான்தான். வைஷாலி வெளியே நின்று அம்மா பக்கத்துக் கதவை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் கைகள் கதவோடு எரிந்துகொண்டிருந்தன. நான்தான் அவளைப் பிடித்து இழுத்துப் போட்டேன். என் முழங்கையில் இந்தக் கொப்புளம் அப்போது வந்ததுதான். லோகநாயகியம்மாவை என்னால் எடுக்க முடியவில்லை. ஆம்புலன்சுக்காரர்கள் எடுக்கும்போது உயிர் இருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். தாமோதரன் சார் ஆஸ்பத்திரியில் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "தப்பு என் மேலதான் ஆல்வின். லீவு முடியட்டும்னு இருந்துட்டேன்" என்று அழுதார். நானும் அழுதேன். பொய்யில்லை, நிஜமாகத்தான் அழுதேன். கார் வெறும் கூடாகிவிட்டது. குழாயெல்லாம் உருகிவிட்டது. அதிலிருந்து எடுத்துப் பார்க்க இனி ஒன்றும் இல்லை. அன்று ராத்திரி, பல நாளுக்குப் பிறகு, நான் அசந்து தூங்கினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வைஷாலியைப் பார்க்கப் போனேன். கைகள் இரண்டும் கட்டுக்குள் இருந்தன. ஆப்பிளை நறுக்கித் தட்டில் வைத்தேன். அவள் தொடவில்லை. நர்ஸ் போகும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாக, "அண்ணா, அது எலி இல்லதானே?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கட்டுப் போட்ட கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து ஒரு பெண் பயந்தது அதுதான் முதல் தடவை என்று நினைத்தேன். அதுவும் சரியில்லை. ஜெனிஃபர் ஏற்கெனவே பயந்துதான் இருந்தாள், நான் கவனிக்கவில்லை.

லோகநாயகியம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்தே அவள் கவியாவோடு உள் அறையில் படுத்துக்கொள்கிறாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். குழந்தைக்குச் சளி, உங்களுக்கு ஒட்டிக்கும் என்றாள். நேற்றுக் காலையில் அடுப்படி வாசலில் நின்று, உள்ளே வராமல் கேட்டாள்.

"சிலிண்டர் எங்க பூட்ச்சுன்னு எனக்குத் தெரியும். அத்த நான் கேக்கல. அன்னிக்கு கவியாவ ஏன் அனுப்பல?"

"அவளுக்கு ஒடம்பு சரியில்லன்னு..."

"நல்லாத்தான் கீறா. பட்டுப்பாவாட கட்டிகினு வாசல்ல நின்னுகினு இருந்தா. நீங்க வந்து தூக்கிகினு போய் உள்ள வுட்டு, வெளிய கொண்டி போட்டீங்க. அவ அழுதத ரோடே கேட்டுச்சு. புள்ளய உள்ள வச்சி பூட்டணும்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

கார் மட்டும் எரியட்டும் என்றுதான் நினைத்தேன். லோகநாயகியம்மா என் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அவருக்கு ஒரு கெடுதல் வர வேண்டும் என்று கனவில்கூட நினைத்ததில்லை. புகையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நிற்பார், கார் மட்டும் போகும், இன்சூரன்ஸில் புதுக் கார் வரும். அவர்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நேற்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான். இப்போதும் இதை எழுதிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். சொல்லிப் பார்க்கும்போது வாய் வரவில்லை.

உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டார். சரி என்றேன். போனை வைத்தேன். கவியாவைக் கொண்டுபோய் உள்ளே விட்டுக் கொண்டி போட்டேன். கடைக்குத் திரும்பி ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சாமி கும்பிட்டுக் காருக்குள் ஏறுகிறவரைக்கும் நேரம் இருந்தது. என் கடையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். கையில் போன் இருந்தது, அவர் நம்பர் மேலேயே இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை சார். என் வீட்டுக் கொண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், குழந்தை ஆட்டி ஆட்டிக் கழற்றிவிடுவாளோ என்று.